கூண்டு கழுவும் கைக்கும் உறை வேண்டும்



மருந்து தெளிப்பு, பாம்புக்கடி, இனிப்புநீர், இரத்த அழுத்தம் என்று தோட்டத்துக்குள் நடக்கும் சங்கதிகளைத்தான் இந்தப் பகுதியில் வழக்கமாகப் பேசுவோம். இந்த முறை தோட்டத்தை விட்டு வெளியே, விலங்குகளின் இரத்தத்தையும் சளியையும் சாணத்தையும் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்குள் போகப் போகிறோம். "அங்கே நமக்கென்ன வேலை?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் பிள்ளைகள் சிலருக்கு இன்று அங்கேதான் வேலை.

தோட்டங்கள் கைமாறி, பால்மரம் போய் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தபோது, எத்தனை குடும்பங்கள் லயத்தை விட்டு ஸ்ரீ கெம்பாங்கான், பூச்சோங், காஜாங் என்று அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோயின என்பது உங்களுக்கே தெரியும். ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் பக்கத்திலேயே செர்டாங். 1931-ல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971-ல் விவசாயப் பல்கலைக்கழகமாகி, இன்று புத்ரா பல்கலைக்கழகம் என்ற பெயரில் நடக்கும் பெரிய கல்விக்கூடம் அங்கே இருக்கிறது. நாட்டின் கால்நடை மருத்துவர்கள் பலர் படித்து வந்த இடம் அது. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் அரசாங்க ஆய்வுக்கூடங்களும் தனியார் ஆய்வுக்கூடங்களும் பரவிக் கிடக்கின்றன.

ஆய்வுக்கூடம் என்றால் டாக்டரும் விஞ்ஞானியும் மட்டும் அல்ல. எலிக்கூண்டு கழுவ ஆள் வேண்டும். ஆட்டுக்குத் தீனி போட, கண்ணாடிக் குழாய் கழுவ, குப்பை அள்ள, ஐஸ் பெட்டியில் வந்த இரத்தக் குப்பிகளை இறக்கி வைக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களில் நம்மவர்களும் உண்டு. அவர்களுக்காகவும், அவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒரு தாய் சொன்ன கதை

பல ஆண்டுகள் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பழைய தோட்டத்து ஆட்கள் தேடி வருவார்கள். அப்படி ஒரு நாள், பால்மரம் வெட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு தாய் வந்தார். முகம் வாடிப் போயிருந்தது.

"டிரசர் ஐயா, சின்னவளுக்கு அஞ்சு நாளா காய்ச்சல். கிளினிக்குல மாத்திரை குடுத்தாங்க, விடல. கெண்டைக்காலெல்லாம் வலிக்குதுன்னு அழுவுறா. கண்ணு செவந்து கெடக்கு."

"பிள்ளை எங்கே வேலை பார்க்குதும்மா?"

"ஸ்ரீ கெம்பாங்கான்ல வீடு. அங்கேருந்து பஸ் ஏறிப் போவா. ஏதோ பரிசோதனைக்கூடமாம். எலிக்கூண்டு கழுவுற வேலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டேன். "கையில ஏதாச்சும் காயம் இருந்துச்சாம்மா?"

"கூண்டுக் கம்பி கிழிச்சிருச்சு மாமா. சின்னக் காயந்தான். பிளாஸ்டர் போட்டுக்கிட்டேன்."

"கையுறை?"

"அது உள்ள வேலை செய்றவங்களுக்குத்தான் மாமா. நாங்க காண்ட்ராக்ட்டு."

"டாக்டர்கிட்ட என்னா வேலை செய்றேன்னு சொன்னியா?"

"அவரு கேக்கல. நானும் சொல்லல."

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். போன உடனே வேலையைச் சொல்லச் சொன்னேன். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எலிக்காய்ச்சல். மலாய்க்காரர்கள் 'கெஞ்சிங் தீக்குஸ்' என்பார்களே, அதுதான். எலியின் மூத்திரத்தில் இருக்கும் கிருமி, காயம்பட்ட தோல் வழியாக உடம்புக்குள் போயிருக்கிறது. நேரத்தில் மருந்து கொடுத்ததால் பிள்ளை பிழைத்தாள். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் ஈரலும் சிறுநீரகமும் என்ன ஆகியிருக்குமோ!

அந்த இடத்தின் பெயரை எழுதி யாரையும் சந்திக்கு இழுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை சொன்ன இரண்டு வார்த்தைகள் மட்டும் இன்னும் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. "அது உள்ள வேலை செய்றவங்களுக்குத்தான்" என்றாள். "அவரு கேக்கல, நானும் சொல்லல" என்றாள். இந்த இரண்டு எண்ணங்களும் மாறினால் பாதி ஆபத்து குறையும் என்பது என் அனுபவம்.

கோலாலம்பூரில் நூறு வருஷத்துக்கு முன்

ஆய்வுக்கூடத்து விலங்குக்கும் தோட்டத்து மனிதனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இந்த நாட்டுச் சரித்திரமே அதற்குப் பதில் வைத்திருக்கிறது.

கோலாலம்பூரில் 1900-ல் தொடங்கப்பட்டது மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 1913-ல் அங்கே ஆராய்ச்சிக்காக வளர்த்த கினிப்பன்றிகளும் முயல்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகத் தொடங்கின. வில்லியம் பிளெட்சர், தாமஸ் ஸ்டாண்டன் என்ற இரண்டு டாக்டர்கள் அந்த நோயை ஆராய்ந்தார்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன் ரங்கூனில் விட்மோர் என்ற டாக்டர் செத்துப்போன மனிதர்களின் உடலில் ஒரு புதுக் கிருமியைக் கண்டிருந்தார். கினிப்பன்றிகளைக் கொன்றதும் அதே கிருமிதான்.

1917-ல் ஸ்டாண்டன் அந்தக் கிருமியை ஒரு மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தார். அந்த மனிதர் யார் தெரியுமா? ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த ஒரு தமிழர்.

அந்தத் தோழர் யார், எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தார் என்று நமக்குத் தெரியாது. மருத்துவப் புத்தகத்தில் 'தமிழ்த் தொழிலாளி' என்ற இரண்டு வார்த்தைகளாக மட்டும் நிற்கிறார். 1921-ல் ஸ்டாண்டனும் பிளெட்சரும் அந்த நோய்க்கு 'மெலியோய்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

எலிதான் இதைப் பரப்புகிறது என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். கிருமி சேற்றிலும் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. மழைக்காலத்தில் காயம்பட்ட காலோடு சேற்றில் நின்றால் வரும். மூச்சு வழியாகவும் வரும். இனிப்புநீர் உள்ளவர்களை இது குறிவைத்துத் தாக்கும். காய்ச்சல், இருமல், நுரையீரலில் சீழ் என்று காசநோய் மாதிரியே வேடம் போடும். மருந்து உண்டு. ஊசி மருந்து இரண்டு வாரத்துக்குக் குறையாமல், பிறகு மாத்திரை மூன்று மாதத்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் திரும்பி வந்து ஆளைச் சாய்க்கும்.

ஆக, ஆய்வுக்கூடத்துக் கூண்டில் செத்த கினிப்பன்றியும், தோட்டத்தில் விழுந்த தொழிலாளியும் ஒரே கிருமிக்குப் பலியானார்கள். விலங்கிடமிருந்து எடுத்த மாதிரியை 'ஆட்டு இரத்தம்தானே', 'எலிச் சாணம்தானே' என்று அலட்சியமாக எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

நிப்பா காட்டிய பாடம்

இது பழங்கதை என்று தோன்றினால், நம் கண் முன்னால் நடந்ததைப் பாருங்கள். 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணை ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிறகு நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துக்குப் பரவியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் எண்ணினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் சாவு நிற்கவில்லை.

ஒரு விஷயம் இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறு பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ வேலைக்குப் போகும் பெரியவர்கள், அதுவும் பன்றியோடு பழகியவர்கள். 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. மொத்தம் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்தார்கள். பன்றிப் பண்ணைகளில் வேலை பார்த்த இந்தியர்களும் நோயாளிகளில் இருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்த பிறகே நோய் அடங்கியது. சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத்துத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டு ஒருவர் மாண்டார். பழந்தின்னி வௌவால்தான் இந்த வைரஸின் சொந்த வீடு என்பது பின்னால் தெரியவந்தது.

மலாயா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 94 நோயாளிகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 93 பேர் பன்றிகளை நேரடியாகத் தொட்டுப் பழகியவர்கள் என்று தெரிந்தது. அப்படியானால் நோயைக் காட்டிக் கொடுத்த பெரிய தடயம் எது? "என்ன வேலை செய்கிறாய்?" என்ற கேள்விதான். அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள்தான் டாக்டர்களைச் சரியான வழிக்குத் திருப்பின. அதனால்தான் சொல்கிறேன். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

கிருமி எந்த வழியில் வரும்?

பண்ணையில் பன்றி இருமினால் ஆள் விலகிப் போகலாம். ஆய்வுக்கூடத்திலோ அந்தப் பன்றியின் சளி ஒரு சின்னக் குப்பிக்குள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும். என்ன நோய் என்று தெரியாததால்தானே அதைச் சோதிக்க அனுப்புகிறார்கள்? ஆகவே ஒவ்வொரு குப்பியிலும் நோய் இருக்கிறது என்றே எண்ணி நடக்க வேண்டும். அது உடம்புக்குள் நுழைய நாலு வாசல் இருக்கிறது.

முதல் வாசல் தோல். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் டோரா லஷ் என்ற ஆராய்ச்சிப் பெண்மணி இருந்தார். உண்ணிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி தேடிக்கொண்டிருந்தார். 1943 ஏப்ரலில் எலிக்கு ஊசி போடும்போது தன் விரலில் குத்திக்கொண்டார். அந்த நோய்க்கு அப்போது மருந்து இல்லை. மே மாதத்தில் இறந்துவிட்டார். ஐந்து வருஷம் கழித்து, 1948-ல், அந்த நோயைக் குணப்படுத்தும் மருந்தைச் சோதித்து வெற்றி கண்டது நம் கோலாலம்பூரில்தான். செம்பனைத் தோட்டத்து ஆட்களை ஒரு காலத்தில் வாட்டி எடுத்த அதே காய்ச்சல்தான் இது. ஊசிக்குத்து, எலிக்கடி, பூனைப் பிறாண்டல், கூண்டுக் கம்பிக் கீறல், உடைந்த கண்ணாடி எல்லாமே இந்த வாசலில் அடக்கம்.

இரண்டாம் வாசல் கண். 1997-ல் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்துக் குரங்கு ஆராய்ச்சி நிலையத்தில் 22 வயதுப் பெண் ஒருத்தி குரங்கைக் கூண்டு மாற்றும்போது ஏதோ கண்ணில் தெறித்தது. கண்ணாடி போட்டிருக்கவில்லை. கடியில்லை, காயமில்லை, ஒரு சொட்டு மட்டுமே. குரங்குகளுக்குப் பெரிய தொல்லை தராத ஒரு வைரஸ், ஆறு வாரத்தில் அந்தப் பெண்ணின் உயிரைக் குடித்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது நம் பழமொழி. இங்கே கண்ணோடு உயிரும் போய்விட்டது.

மூன்றாம் வாசல் மூக்கு. சீனாவில் லான்சோ நகரத்தில் 2019-ல் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு கால்நடைத் தடுப்பூசித் தொழிற்சாலை. ஆட்டையும் மாட்டையும் கருச்சிதைவடைய வைக்கும் புருசெல்லா கிருமியை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கழிவுக்காற்றைச் சுத்தம் செய்ய, காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்திவிட்டார்கள். கிருமி காற்றோடு கலந்து, அருகிலிருந்த கால்நடை ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போனது. அங்கே படித்த மாணவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் நோய் கண்டது. ஊர் முழுவதும் சோதித்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியிருந்தது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் ஆளை முடக்கும் நோய் அது. போத்தலில் எழுதியிருக்கும் தேதியைப் படிக்காமல் விட்ட குற்றத்துக்கு ஓர் ஊரே விலை கொடுத்தது.

குப்பியைக் குலுக்கினாலும், இரத்தத்தை வேகமாகச் சுழற்றும் இயந்திரத்துக்குள் குழாய் உடைந்தாலும், காய்ந்த கூண்டு உமியைக் கொட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத தூசி எழும். கிருமி இல்லாத எலியின் மூத்திரத் தூசி கூட சிலருக்கு ஒவ்வாது. தும்மல், கண் அரிப்பு என்று தொடங்கி நாளடைவில் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். "வேலைக்குப் போனால் மூக்கு ஒழுகுது, லீவு நாளில் சரியாயிடுது" என்று உங்கள் பிள்ளை சொன்னால், அது சாதாரண சளி இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நாலாம் வாசல் வாய். வேலை செய்யும் இடத்தில் சாப்பிடுவது, டீ குடிப்பது, வெற்றிலை போடுவது, சிகரெட் பிடிப்பது எல்லாமே ஆபத்து. மாதிரி வைக்கும் குளிர்ப்பெட்டியில் பசியாறக் கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்தை வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்கிறார்கள். இனித் தெரிந்துகொள்ளட்டும்.

என்ன செய்ய வேண்டும்?

இதை வெட்டிச் சுவரில் ஒட்டிவைக்கலாம். பிள்ளைக்குப் படித்துக் காட்டலாம்.

ஒன்று: கூண்டு கழுவினாலும், குப்பை அள்ளினாலும், பெட்டி தூக்கினாலும் கையுறை, மேலங்கி, மூடிய சப்பாத்து கட்டாயம். தண்ணீர் தெறிக்கும் வேலைக்குக் கண் கண்ணாடியும் முகக்கவசமும் சேர வேண்டும். கையுறை கிழிந்தால் உடனே மாற்றுங்கள். கையுறையோடு கதவுப் பிடியையும் கைத்தொலைபேசியையும் தொடாதீர்கள். கழற்றிய பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

இரண்டு: பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். அப்படியே கெட்டியான ஊசிப் பெட்டியில் போடுங்கள். பெட்டி நிரம்பி வழிய விடாதீர்கள். குப்பைப் பையைக் கையால் அமுக்காதீர்கள்.

மூன்று: கூண்டு உமியைக் காய்ந்தபடி உதறவோ கூட்டவோ வேண்டாம். நனைத்துவிட்டு அள்ளுங்கள்.

நாலு: குப்பி உடைந்து சிந்தினால் பதறித் துடைக்க ஓடாதீர்கள். மற்றவர்களை எச்சரித்து வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தூசி அடங்க அரைமணி நேரமாவது விட்டு, காகிதத் துண்டால் மூடி, கிருமிநாசினி ஊற்றி, ஊற விட்டுத்தான் எடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடியை இடுக்கியால் எடுங்கள், கையால் வேண்டாம்.

ஐந்து: கிருமிநாசினிப் போத்தலில் தேதி பாருங்கள். குளோரக்ஸ் போன்ற வெளுப்பு மருந்தை அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு அதைச் சேர்க்கவே கூடாது. நுரையீரலை அரிக்கும் விஷக்காற்று கிளம்பும்.

ஆறு: குத்தினாலும் கடித்தாலும் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள், மஞ்சள் அப்பாதீர்கள். கண்ணில் தெறித்தால் கண்ணைத் திறந்து வைத்து 15 நிமிடம் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். கழுவிய பிறகுதான் மற்றவர்களிடம் சொல்லப் போக வேண்டும்.

ஏழு: அன்றைக்கே எழுத்தில் பதியச் சொல்லுங்கள். நாள், நேரம், எந்த விலங்கு, எந்த மாதிரி என்று எல்லாம் எழுத வேண்டும். சில கிருமிகளுக்கு, நோய் வருமுன்னே மருந்து கொடுத்துத் தடுக்க முடியும். ஆனால் எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் அது நடக்கும்.

எட்டு: வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கைக்குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைப்பது பெரும் தவறு. சலவை வேலையிடத்திலேயே நடக்க வேண்டும்.

ஒன்பது: பெண் பிள்ளை கர்ப்பமாக இருந்தால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லட்டும். ஆடு, மாடு குட்டி போடும்போது வரும் நீர், நஞ்சு, பூனைச் சாணம், பிணத் துண்டுகளை ஊறவைக்கும் பார்மலின் ஆகியவற்றிலிருந்து அவளைத் தள்ளி வைக்க வேண்டும். இனிப்புநீர் உள்ளவர்களும் முதல் நாளே தெரிவிக்க வேண்டும்.

பத்து: காய்ச்சல் வந்தால், எந்த டாக்டரிடம் போனாலும், வாயைத் திறந்ததும் முதல் வார்த்தை இதுதான்: "நான் விலங்கு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். இன்ன வேலை. இன்ன விலங்கு." எலிக்காய்ச்சல் கிருமி நுழைந்து ஒரு மாதம் வரை கழித்துக்கூடக் காய்ச்சலாக வரலாம். ஆகவே போன மாதத்துக் கீறலையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

"இதெல்லாம் கேட்டால் வேலையை விட்டுப் போகச் சொல்லிடுவாங்க" என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனாலும் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அது 2022-ல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து அந்தத் திருத்தம் நடப்பில் உள்ளது. அதன்படி அரசாங்க ஆய்வுக்கூடமும் தனியார் ஆய்வுக்கூடமும் வேலையில் உள்ள ஆபத்துகளை முன்கூட்டியே கணக்கெடுத்துத் தடுக்க வேண்டும். சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. பாதுகாப்பு இல்லை என்று புகார் செய்தவரை வேலையை விட்டு நீக்கவோ பழிவாங்கவோ கூடாது. உடனடி ஆபத்து இருப்பதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. காண்ட்ராக்ட் ஆட்களை வைத்து வேலை வாங்கும் தலைமை நிறுவனத்துக்கும் அந்த ஆட்களின் பாதுகாப்பில் பொறுப்பு உண்டு என்று திருத்தம் தெளிவாக்கியிருக்கிறது. "நாங்க காண்ட்ராக்ட்டு" என்று இனிமேல் நம் பிள்ளைகள் தலை குனிய வேண்டியதில்லை.

வேலையால் வந்த நோய்க்கும் சொக்சோவில் இழப்பீடு கேட்கலாம். விபத்து என்றால், தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கேதான் அந்த ஏழாவது பாடம் கைகொடுக்கும். எழுதி வைத்த காகிதம் இருந்தால் வழக்கு நிற்கும். "அப்போ சின்னக் காயம்னு விட்டுட்டேன்" என்றால் யார் நம்புவார்கள்? சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று இந்த மாதமே பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்

இது ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள பாடம் அல்ல. தோட்டத்து மாடு, ஆடு, கோழி திடீரென்று செத்தால் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து மாதிரி எடுத்துப் போகட்டும். நீங்களே அறுத்துப் பார்ப்பதும், செத்த எலியை வெறுங்கையால் தூக்கி எறிவதும் வேண்டாம். நீங்கள் ஒழுங்காகத் தகவல் சொல்லி அனுப்பும் ஒரு குப்பிதான், அந்தப் பக்கம் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் ஒரு தொழிலாளியின் உயிரையும் காக்கிறது. என்ன விலங்கு, எப்போது நோய் கண்டது, கூட இருந்த மனிதர் யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று எல்லாம் சொல்லி அனுப்புங்கள். பெட்டியைத் திறக்கும் கை நம் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம் அல்லவா?

அந்தத் தாய் போன வாரம் மறுபடி வந்தார். மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாளாம். அவளும் கூட வேலை செய்யும் பிள்ளைகள் நாலு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்துக் கையுறையும் கண்ணாடியும் வாங்கிவிட்டார்களாம். "நாலு பேரு சேந்து கேட்டதும் குடுத்துட்டாங்க ஐயா" என்றார்.

தோழர்களே, தோட்டத்தில் நாம் கற்ற முதல் பாடமே அதுதானே. ஒருவராகக் கேட்டால் முணுமுணுப்பு, சேர்ந்து கேட்டால் கோரிக்கை. ஆய்வுக்கூட வேலை பார்க்கும் பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், இந்த ஏட்டை இன்றிரவே அவர் கையில் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். வணக்கம்.